பிரசவத்துக்கு அஞ்சு லட்சம் காப்பீட்டு அட்டை செல்லுமா? திருப்பூர் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க

ஓவர்லாக் திருப்பூர்

வணக்கமுங்க. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். பீஸ் ரேட்டு, கான்ட்ராக்ட்காரர் கையில் வாரச் சம்பளம். வீட்டுக்காரி வேறொரு கம்பெனியில் செக்கிங். அவளுக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள், எனக்குக் கிடையாது. இப்போது ரெண்டு மாசமாக முழுகாமல் இருக்கிறாள், தலைப்பிரசவம். பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். சுகப்பிரசவம் என்றால் இவ்வளவு, ஆபரேஷன் என்றால் இவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை.

கூட வேலை செய்கிறவர், "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துக்கோ, அஞ்சு லட்சம் வரைக்கும் இலவசம், எந்த ஆஸ்பத்திரியில் வேண்டுமானாலும் பிரசவம் பார்க்கலாம்" என்கிறார். நிஜமா? இன்னொரு குழப்பமும் இருக்கிறது. மாமியார் வீடு வெள்ளகோவில் பக்கம். கட்டுச்சோறு கட்டி அழைத்துக்கொண்டு போனால் குழந்தை பிறந்த பிறகுதான் வருவாள். அப்படியானால் பதிவு எல்லாம் எந்த ஊரில் பண்ணுவது?

நொய்யல்கரை

அட்டை இருந்தால் எல்லாமே இலவசம்தான் தம்பி. எங்கப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன், பெரிய தனியார் ஆஸ்பத்திரியிலேயே பத்துப் பைசா வாங்காமல் செய்தார்கள். தைரியமாக இருங்க.

சென்னிமலை அம்மிணி

நொய்யல்கரைக்காரர் அப்பாவுக்கு நடந்தது சரி. ஆனால் அதை வைத்து பிரசவத்துக்கு யோசனை சொல்லாதீங்க. நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த ஒரு விஷயத்தில் ஏமாந்து, கடைசி நேரத்தில் தாலிக்கொடியை அடகு வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காப்பீட்டு அட்டை பெரிய வியாதிக்கும் பெரிய ஆபரேஷனுக்கும் போட்ட திட்டம். திட்டத்தில் இன்னின்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருந்தால், அந்த ஆஸ்பத்திரியும் திட்டத்தில் சேர்ந்திருந்தால், முன்அனுமதியும் கிடைத்தால்தான் பணம் வரும். சாதாரணப் பிரசவத்தைத் தனியாரில் பார்த்துவிட்டு அட்டையை நீட்டினால் கவுன்டரில் கையை விரிப்பார்கள்.

பிரசவத்துக்கு அரசு வைத்திருக்கிற வழி வேறு தம்பி. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் அட்டையே கேட்கக் கூடாது. 2011-லிருந்து மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இருக்கிறது. சுகப்பிரசவமானாலும் சிசேரியனானாலும் கட்டணம் கிடையாது. மருந்து, ரத்தம், ஸ்கேன், பரிசோதனை எல்லாம் அதில் அடக்கம். சுகப்பிரசவத்துக்கு மூணு நாள், சிசேரியனுக்கு ஏழு நாள் வரை சாப்பாடும் உண்டு. வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோய் விடவும் வண்டி உண்டு, 102-க்குக் கூப்பிட வேண்டும். குழந்தைக்கு ஏதாவது என்றால் ஒரு வயசு வரைக்கும் அரசு ஆஸ்பத்திரியில் இதே சலுகை. வருமானச் சான்று கேட்க மாட்டார்கள்.

அதனால் அட்டையை அப்புறம் பார்த்துக்கலாம். முதலில் பிக்மி நம்பர் வாங்குங்க. கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தருகிற 12 இலக்க எண் அது. 12 வாரத்துக்குள் பதிந்துவிட வேண்டும், உங்களுக்கு நாள் நெருங்கிவிட்டது. மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், ஊராட்சி என்றால் உங்கள் பகுதி துணை சுகாதார நிலையம். ஆதார், பேங்க் பாஸ்புக், தனியாரில் எடுத்த ஸ்கேன், எல்லாவற்றையும் எடுத்துப் போங்க. செவ்வாய்க்கிழமை போனால் கர்ப்பிணிகள் பரிசோதனை நாள், மருத்துவரும் இருப்பார்.

எந்த ஊர் என்று குழம்பாதீங்க. இப்போது இருக்கிற இடத்தில் பதியுங்க. நம்பர் தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான். கட்டுச்சோறு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனால் வெள்ளகோவில் பக்கத்துச் செவிலியரிடம் அந்த நம்பரைக் காட்டினால் அவர் தொடர்வார். போகும்போது மட்டும் இங்கே சொல்லிவிட்டுப் போகணும். சொல்லாமல் போய்விட்டு இங்கே வீட்டைத் தேடி நாங்கள் அலைவது இருக்கே, அது தனிக் கதை.

தறிச்சத்தம்

அம்மிணி சொல்வது காகிதத்தில் நன்றாக இருக்கிறது. சோமனூரிலிருந்து எழுதுகிறேன், தறி ஓட்டுகிறவன். எங்கள் வீட்டில் ரெண்டு பிரசவமும் அரசு ஆஸ்பத்திரிதான். எந்த ஊர் என்று சொல்லவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டுவதற்கு ஒரு ரேட்டு. பையன் என்றால் ஒன்று, பொண்ணு என்றால் அதில் பாதி. ஸ்ட்ரெச்சர் தள்ளினால் ஒன்று. மாமியார் முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசு முழுக்கப் போனது. மருத்துவம் பார்த்த டாக்டரம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், ராத்திரி ரெண்டு மணிக்கும் ஓடி வந்தார்கள். ஆனால் வார்டு வாசலில் நிற்கிறவர்களை யார் கேட்பது?

சென்னிமலை அம்மிணி

மறுக்க மாட்டேன். கொடுக்காதீங்க என்று சொல்வது சுலபம், வலியில் கிடக்கிறவளை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே சண்டை போட யாருக்கும் மனசு வராது. 104-க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம். டிஸ்சார்ஜ் ஆன பிறகாவது ஆஸ்பத்திரி கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுங்க. எந்த வார்டு, எந்த ஷிப்ட் என்று எழுதினால் ஆளைக் கண்டுபிடிக்க முடியும்.

ஊத்துக்குளி வெண்ணெய்

லஞ்சம் கொடுத்தும்கூட தனியார் பில்லில் பத்தில் ஒரு பங்கு வராது என்பதையும் தறிக்காரர் சொல்லியிருக்கலாம் :)

தனியார் போகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் தனியாரில் நடந்த பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசில் 36. அரசிலும் அது குறைவு என்று சொல்ல முடியாது, சிக்கலான கேஸெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கிறது. ஆனால் அந்தச் சீட்டில் ரெண்டு தொகை எழுதிக் கொடுத்தார்களே, ரெண்டாவது தொகையைத்தான் கட்ட வேண்டி வரும் என்று நினைத்துக்கொண்டு முடிவு எடுங்க.

அவிநாசி ரோடு

ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் பர்சனல் பிரிவில் இருக்கிறேன். எல்லோரும் அட்டையையே பிடித்துத் தொங்குகிறீர்கள். இந்த வீட்டில் இருக்கிற பெரிய சொத்து அந்தப் பெண்ணின் இ.எஸ்.ஐ. நம்பர். அதை யாரும் பேசவே இல்லை.

இ.எஸ்.ஐ.யில் மகப்பேறு என்றால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. பாதிச் சம்பளம் இல்லை, முழுச் சராசரிக் கூலி. பிரசவத் தேதிக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம், மீதி பின்னால். ரெண்டு குழந்தை வரைக்கும் 26 வாரம், அதற்கு மேல் 12. கரு கலைந்துவிட்டால் 6 வாரம் உண்டு. இது நிறையப் பேருக்குத் தெரியாது, சொல்லாமலே வேலைக்கு வந்துவிடுகிறார்கள்.

நிபந்தனை ஒன்றுதான். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று பங்களிப்புக் காலம் பிரிப்பார்கள். பிரசவத்துக்கு முந்தைய ரெண்டு காலத்திலும் சேர்த்து 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். இங்கேதான் திருப்பூரில் அடி விழுகிறது. பொண்ணு மூணு வருசமாக அதே டேபிளில் உட்கார்ந்திருப்பாள். கம்பெனி மாற்றி, கான்ட்ராக்ட் மாற்றி, நடுவில் ஆறு மாசம் பெயரே இருக்காது. சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருப்பார்கள், ஆனால் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தம்பி, இன்றைக்கே உங்கள் வீட்டுக்காரி நம்பரைப் போட்டு இ.எஸ்.ஐ. இணையதளத்தில் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பாருங்க. குறைந்தால் இப்போதே கேட்கலாம். ஒன்பதாம் மாசம் வந்து என் மேசை முன்னால் நின்று அழுதால் நான் என்ன பண்ணுவேன்?

அப்புறம் உங்கள் சம்பளத்தில் ஏன் இ.எஸ்.ஐ. பிடிப்பதில்லை? மாசம் 21,000-க்குள் சம்பளம் என்றால் பீஸ் ரேட்டானாலும் இ.எஸ்.ஐ. உண்டு. கான்ட்ராக்ட்காரர் கட்டவில்லை என்றால் முதன்மை முதலாளி கட்ட வேண்டும், சட்டம் அப்படி. கேட்டால் வேலை போய்விடும் என்பீர்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

தறிச்சத்தம்

பர்சனல் ஆள் இவ்வளவு நேர்மையாகப் பேசி இப்போதுதான் கேட்கிறேன். உங்கள் கம்பெனியில் எத்தனை கைமடிக்கு, அதாவது டெய்லருக்கு உதவுகிற ஆட்களுக்கு, இ.எஸ்.ஐ. இருக்கிறது?

அவிநாசி ரோடு

கம்பெனி ரோலில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும். ஜாப் ஒர்க்குக்கு வெளியே போகிற பவர்டேபிள் தையல் யூனிட்டுகளில் என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டால் பதில் உங்களுக்கே தெரியும்.

டல்லாஸ் கோவையன்

கொஞ்சம் தள்ளி நின்று ஒரு விஷயம் சொல்கிறேன், சுவாரசியமாக இருக்கும். இங்கே அமெரிக்காவில் ஏழைக் கர்ப்பிணிக்கு மெடிகெய்டு என்று ஒரு அரசுக் காப்பீடு. 1965-ல் வந்தது, மத்திய அரசும் மாநிலமும் பணம் போட்டு நடத்துகின்றன. நாட்டில் பிறக்கிற குழந்தைகளில் பத்துக்கு நாலு அதில்தான் பிறக்கிறது. ஆஸ்பத்திரி தனியாருடையதாக இருக்கும், பில்லை அரசு கட்டும். நம்மூரில் அரசே ஆஸ்பத்திரி கட்டி, டாக்டருக்குச் சம்பளம் கொடுத்து, இலவசமாகப் பார்க்கிறது. அதற்கு மேல் மிஞ்சுகிற பெரிய வியாதிக்குத்தான் நம்மூரில் காப்பீடு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "அட்டை பிரசவத்துக்குச் செல்லுமா" என்ற கேள்வியே வருகிறது.

மெடிகெய்டிலும் ஓட்டை இருந்தது. முன்பு பல பெண்களுக்குக் குழந்தை பிறந்து 60 நாளில் காப்பீடு முடிந்துவிடும். பிரசவத்துக்குப் பிந்தைய சாவுகள் அதற்குப் பிறகும் நடக்கிறது என்று சண்டை போட்டு, 2021 சட்டத்தில் 12 மாசம் வரை நீட்டிக்க மாநிலங்களுக்கு வழி விட்டார்கள். பெரும்பாலான மாநிலங்கள் நீட்டிவிட்டன.

நொய்யல்கரை

டல்லாஸ் கதை எல்லாம் சரிங்க, தம்பி கேட்டது திருப்பூர் கதை.

சென்னிமலை அம்மிணி

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பிறந்த பிறகு தாயைக் கவனிப்பதற்குத்தான் நம்மிடம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, பெண்கள் படிக்க வராத காலத்தில் டாக்டரான அம்மா பெயரில் வைத்தது. 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-லிருந்து 18,000. அதில் 14,000 பணம். மீதி 4,000-க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பெட்டகத்தில் சத்துமாவு, ஆவின் நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் இருக்கும். டானிக்கை மட்டும் அப்படியே அலமாரியில் வைத்துவிட்டு நெய்யை மாமியார் பருப்பில் ஊற்றிவிடுவார். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை, அந்த டானிக்தான் முக்கியம். குடித்தால் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சொல்லுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்புச்சத்தை டிரிப்பில் ஏற்றுவார்கள்.

பணம் முன்பு அஞ்சு தவணையாக வந்துகொண்டிருந்தது. 2024-ல் மூணாக மாற்றினார்கள். நாலாம் மாசம் 6,000. குழந்தை பிறந்து நாலு மாசம் கழித்து, மூணாவது பென்டா தடுப்பூசி போட்டிருந்தால் 6,000. ஒன்பதாம் மாசத் தட்டம்மை ஊசிக்குப் பிறகு 2,000. தாய்க்கு 19 வயசு நிறைந்திருக்க வேண்டும், ரெண்டு பிரசவம் வரைக்கும்தான்.

ஒரு எச்சரிக்கை. இதற்குள் மத்திய அரசின் மாத்ரு வந்தனா என்கிற பேறுகால உதவிப் பணமும் கலந்திருக்கிறது. வேறு சட்டப்படி இதே மாதிரிப் பலன் வாங்குகிறவர்களுக்கு அந்தத் திட்டத்தில் பணம் கிடையாது. உங்கள் வீட்டுக்காரிக்கு இ.எஸ்.ஐ. விடுப்புச் சம்பளம் வரப்போகிறது என்பதைச் செவிலியரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுப் பதியுங்க. பின்னால் வந்து பிடித்துக்கொண்டால் அந்தப் பெண்தான் பதில் சொல்லணும். கணக்குப் பார்த்தால் 26 வாரச் சம்பளம் இந்த 14,000-ஐவிடப் பல மடங்கு பெரிசு.

காங்கேயம் தோட்டம்

அட்டை யாருக்கு என்பதையும் பேசுங்க. குடும்ப வருமானம் வருசம் 1,20,000-க்குள் இருக்கணும். முன்பு 72,000 இருந்தது, உயர்த்தினார்கள். மாசம் 10,000. இந்தத் தம்பி ஒருத்தர் சம்பாத்தியமே அதைத் தாண்டும். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஓடி ஓடி உழைக்கிறார்கள், அதனாலேயே அட்டை இல்லை. எங்கள் ஊரில் கிணறும் தென்னந்தோப்பும் காரும் வைத்திருக்கிற ஒறம்பரை ஒருத்தர் வருமானச் சான்று 60,000-க்கு வாங்கி அட்டையைப் பர்சில் வைத்துக்கொண்டு திரிகிறார். தோட்டத்து வருமானத்தை யார் எண்ணிப் பார்த்தார்கள்?

ஊத்துக்குளி வெண்ணெய்

தோட்டத்துக்காரர்களைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீங்க. மஞ்சள் விலை விழுந்த வருசம் எங்கள் வீட்டில் சான்றிதழில் எழுதிய தொகைகூட வரவில்லை. அந்த வருசம் அம்மாவுக்கு கிட்னி சிகிச்சை அட்டையில்தான் ஓடியது. கார் வைத்திருந்தால் பணக்காரன் என்றால் லோன் கட்டுகிறவன் எல்லாம் ஜமீன்தார்தான்.

காங்கேயம் தோட்டம்

உங்களைச் சொல்லவில்லைங்க. உங்களுக்குக் கிடைத்தது நியாயம். இந்தத் தம்பிக்குக் கிடைக்காததுதான் அநியாயம் என்கிறேன். வரம்பை வைக்கிறவர்கள் சென்னையில் உட்கார்ந்து வைக்கிறார்கள். திருப்பூரில் வீட்டு வாடகைக்கே எவ்வளவு போகிறது என்று பார்த்தார்களா?

லைன்வீட்டு ஓனர்

பல்லடம் ரோட்டில் எனக்கு ஒரு லைன் வீடு இருக்கிறது. எட்டு வீட்டில் ஆறு ஒடிசா, பீகார் ஆட்கள். போன வருசம் ஒரு பொண்ணுக்கு ஏழு மாசம் ஆகியும் எங்கும் பதியவில்லை. ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொள்வோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என் சம்சாரம்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குப் போனாள். வேறு மாநிலத்து ஆதாராக இருந்தாலும் நம்பர் போட்டுக் கொடுத்தார்கள். ரத்தம் குறைவு என்று அன்றைக்கே கண்டுபிடித்தார்கள். வெளிமாநிலத்தவர்கள் ஆறு மாசத்துக்கு மேல் இங்கே இருந்தால் காப்பீட்டு அட்டைக்கும் வழி இருக்கிறது, அதற்குச் சான்று வேண்டும். அந்தச் சான்றை வாங்கிக் கொடுக்க யாருக்கும் பொறுமை இல்லை, சூப்பர்வைசருக்கும் இல்லை.

வீட்டு ஓனர்கள் இருந்தால் கவனியுங்க. பிக்மி நம்பர் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரும் பாடு. தனியாரில் பிறந்தாலும் இதே கதைதான்.

ஓவர்லாக் திருப்பூர்

எல்லோருக்கும் நன்றிங்க. அம்மிணி அக்கா சொன்னபடி போனோம், நம்பர் கிடைத்துவிட்டது. ரத்தம் எடுத்தார்கள், குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து சர்க்கரையும் பார்த்தார்கள். இ.எஸ்.ஐ.யில் பார்த்தால் நடுவில் ரெண்டு மாசம் ஏறவில்லை. ஆனால் மொத்தத்தில் 70 நாள் தாண்டிவிட்டது. கம்பெனியில் கேட்டிருக்கிறாள்.

பிரசவத்தை அரசிலேயே பார்ப்பதாக முடிவு. ஆனால் ஒரு பயம் இருக்கிறது. குழந்தை குறைமாசத்தில் பிறந்து, இடம் இல்லை என்று தனியாருக்கு அனுப்பினால் அட்டை வேண்டுமே? என் பெயர் அப்பா ரேஷன் கார்டில் இருக்கிறது. அவள் பெயர் இன்னும் வெள்ளகோவிலில், மாமனார் கார்டில்.

சென்னிமலை அம்மிணி

இந்தப் பயம் நியாயமான பயம். பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைக்குத் தனியாரில் ஒரு நாள் செலவே தாங்காது. இதற்குத்தான் அட்டை. ஆனால் முதலில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. திருப்பூரில் இருக்கிறது, பெருந்துறையில் இருக்கிறது, கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஒன்றில் இடம் இல்லை என்றால் இன்னொன்றுக்கு 108-ல் அனுப்பச் சொல்லிக் கேளுங்க. உங்களாகவே ஒரு ஆம்புலன்ஸ் பிடித்துத் தனியாருக்குக் கிளம்பாதீங்க.

அட்டைக்கு இப்போதே வேலையை ஆரம்பியுங்க. அவள் பெயரை மாமனார் கார்டில் நீக்கி, உங்கள் ரெண்டு பேருக்கும் தனி ரேஷன் கார்டு. இ-சேவை மையத்தில் வருமானச் சான்று. அப்புறம் பல்லடம் ரோடு கலெக்டர் ஆபீஸில் காப்பீட்டுத் திட்ட மையம். வருமானத்தை உள்ளபடி எழுதுங்க. வரம்பைத் தாண்டினால் அட்டை வராது, அது உண்மைதான். அப்படி ஆனால் இ.எஸ்.ஐ.தான் உங்களுக்குக் கை. அவள் அதில் தொடர்ந்தால் குழந்தையின் வைத்தியமும் அவள் நம்பரிலேயே நடக்கும்.

அவிநாசி ரோடு

அக்கா சொன்னதோடு ஒன்று. குழந்தை பிறந்த கையோடு பெயரை இ.எஸ்.ஐ. குடும்ப விவரத்தில் சேர்த்துவிடுங்க. கம்பெனி மூலமாகத்தான் ஏறும். விடுப்பு முடிந்து வரட்டும் என்று தள்ளிப்போடும் பர்சனல் ஆட்கள் உண்டு, விடாதீங்க. அந்த ரெண்டு மாசச் சந்தா விவகாரத்தை வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வைங்க.

தறிச்சத்தம்

பேங்க் அக்கவுன்டில் ஆதார் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்க தம்பி. எங்கள் வீட்டில் பிரசவ உதவிப் பணம் சம்சாரத்தின் பழைய ஸ்காலர்ஷிப் அக்கவுன்டுக்குப் போய் விழுந்தது. மினிமம் பேலன்ஸ் என்று பேங்க்காரன் அதில் பாதியைத் தின்றுவிட்டான்.